மனைவி எப்படி ‘வீடுவி’ ஆனார்?

ஒரு சொல்லுக்குப் பதிலாக அதே பொருள் தரும் வேறு சொல்லை எடுத்துப் போடும் சின்ன நிரல் ஒன்று வேண்டும் என்றால், பைத்தான் என்ற நிரல்மொழி ஓரளவு தெரிந்த யாரும் அரை மணி நேரத்தில் எழுதிவிடுவார்கள். ஒரு டிக்ஷனரி, அதில் இடப்பக்கம் ‘மனை’, வலப்பக்கம் ‘வீடு’, இடப்பக்கம் ‘தலை’, வலப்பக்கம் ‘சிரம்’, இடப்பக்கம் ‘கண்’, வலப்பக்கம் ‘விழி’. அப்புறம் ஒரு லூப், அதற்குள் ஒரு ரீப்ளேஸ். வேலை முடிந்தது. ஓடவிட்டுப் பார்த்தால் மருத்துவமனை ‘மருத்துவவீடு’ ஆகியிருக்கும், விடுதலை ‘விடுசிரம்’ ஆகியிருக்கும், கண்டக்டர் ‘விழிடக்டர்’ ஆகியிருப்பார், மனைவி ‘வீடுவி’ ஆகியிருப்பார்.

இது தமிழுக்கு மட்டும் வந்த வியாதி என்று நினைக்க வேண்டாம். ஆங்கிலத்தில் கெட்ட வார்த்தையை மறைக்கிறேன் பேர்வழி என்று, ‘ஆஸ்’ என்ற மூன்று எழுத்தை எங்கே பார்த்தாலும் ‘பட்’ என்று மாற்றிய வடிகட்டிகள் ‘கிளாசிக்’ என்ற பாவப்பட்ட சொல்லை ‘கிள்பட்டிக்’ ஆக்கின. 2008-இல் அமெரிக்க ஒலிம்பிக் தகுதிப் போட்டியில் டைசன் கே என்ற ஓட்டக்காரர் 100 மீட்டரை 9.68 விநாடியில் ஓடி ஜெயித்தபோது, ஒன்நியூஸ்நவ் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவச் செய்தித் தளத்தில் ஜெயித்தவர் பெயர் ‘டைசன் ஹோமோசெக்ஷுவல்’ என்று வந்தது. ஓரினச்சேர்க்கையாளரைக் குறிக்கும் ‘கே’ என்ற சொல் செய்தியில் எங்கே வந்தாலும் தானாக மாற்றிவிடும்படி அவர்கள் செய்து வைத்திருந்தார்கள். இரண்டும் ஒரே கூத்தாகத் தெரிந்தாலும் நோய் வேறு வேறு. முதலாவதில் சொல்லின் நடுவில் கத்தி விழுந்தது. இரண்டாவதில் சொல் முழுசாகவே மாறியது, ஆனால் அது ஒரு மனிதரின் பெயர் என்று நிரலுக்குத் தெரியவில்லை. முதல் நோய்க்கு இலக்கணமும் கொஞ்சம் பொறுமையும் போதும். இரண்டாவது நோய்க்கு, எதைத் தொடக்கூடாது என்று உட்கார்ந்து முடிவு செய்ய ஓர் ஆள் வேண்டும். அந்த முடிவுகள்தான் இந்த நிரலில் முக்கால்வாசி என்பது என் கட்சி.

முதல் நோயிலிருந்தே தொடங்குவோம். சொல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று நிரலுக்குக் காட்ட வேண்டும். வழக்கமாகச் சொல்லப்படும் வழி, உரையில் தேட வேண்டியதைக் குறிகளால் எழுதிக் காட்டும் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் ‘பேக்ஸ்லாஷ் பி’ என்ற எல்லைக் குறியைச் சொல்லின் இரண்டு பக்கமும் போடுவது. அப்போது முழுச் சொல் மட்டும் பிடிபடும். ஆங்கிலத்துக்குச் சரி. பைத்தானோடு கூடவே வரும் ‘ரீ’ தொகுப்பைக் கொண்டு தமிழில் இதைச் செய்தால் நடப்பது நேர் எதிர். அந்தத் தொகுப்பின் கணக்கில் சொல்லுக்குள் வரக்கூடியவை எழுத்து, எண், அடிக்கோடு இவ்வளவுதான். நம்முடைய கால், கொம்பு, சுழி, புள்ளி எல்லாம், எழுத்துகளுக்கு எண் ஒதுக்கும் பொதுத் தரமான யூனிகோடில் எழுத்து என்ற வகையில் சேரவில்லை, குறி என்ற வகையில் இருக்கின்றன. ‘வீடு’ திரையில் இரண்டு எழுத்து. உள்ளே வ, ஈகாரக் குறி, ட, உகரக் குறி என்று நான்கு. இதைச் சொற்களாகப் பிரித்துக் கொடு என்று கேட்டால் ‘வ’, ‘ட’ என்று இரண்டு துண்டுதான் கைக்கு வரும். இப்போது ‘மனை’யைப் பாருங்கள். அதன் கடைசியில் இருப்பது ஐகாரக் குறி, எழுத்துக் கணக்கில் சேராதது. அடுத்து ஓர் இடைவெளி வந்தால், இந்தப் பக்கமும் எழுத்து இல்லை, அந்தப் பக்கமும் எழுத்து இல்லை, ஆகவே இங்கே எல்லையே இல்லை என்று நிரல் போய்விடும். அடுத்து ‘வி’ வந்தாலோ, வ ஒரு எழுத்து, ஆகவே ஐகாரக் குறிக்கும் வகரத்துக்கும் நடுவில் ஓர் எல்லை இருப்பதாகக் கண்டுபிடிக்கும். தனியாக நிற்கும் ‘மனை’ தப்பித்துவிடும், ‘மனைவி’ மாட்டிக்கொள்வார். பாதுகாப்புக்கென்று போட்ட வேலி ஆளைப் பார்த்துக் கடிக்கிறது.

தீர்வு பெரிய விஷயம் இல்லை. தமிழுக்கென்று யூனிகோட் ஒதுக்கியிருக்கும் 128 இடங்களுக்குள் விழுபவை இடைவிடாமல் எவ்வளவு தூரம் வருகின்றனவோ அதுதான் ஒரு சொல் என்று நாமே வரையறுத்துக்கொள்ளலாம். அல்லது ‘ரெஜெக்ஸ்’ என்று தனியாக நிறுவிக்கொள்ளும் பைத்தான் தொகுப்பைப் பயன்படுத்தலாம், அதற்குக் குறியும் சொல்லின் பகுதிதான். இன்னொரு சில்லறைத் தொல்லையையும் இங்கேயே முடித்துவிட வேண்டும்: ‘கொ’ என்ற எழுத்தை க என்பதோடு ஒகரக் குறி என்றும் சேமிக்கலாம், க என்பதோடு ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக என்றும் சேமிக்கலாம். திரையில் துளி வித்தியாசம் தெரியாது, நிரலுக்கு இரண்டும் வேறு சொல். உரையையும் பட்டியலையும் உள்ளே எடுக்கும்போதே என்எஃப்சி என்ற ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இது தீரும். வலைப்பக்கங்களிலிருந்து நகலெடுத்த உரையில் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகள் ஒளிந்திருக்கும், அவற்றையும் அப்போதே துடைத்துவிட வேண்டும். ‘ஔ’ போட வேண்டிய இடத்தில் ‘ஒ’வும் ‘ள’வும் அடித்து வைக்கும் பழக்கத்துக்கு மருந்து எந்தத் தொகுப்பிலும் இல்லை, அதைக் கையால்தான் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

சரி, முழுச் சொல் பிடிபட்டாயிற்று. ஆனால் உரையில் ‘வீடு’ என்று மொட்டையாக வருவது குறைவு. வீட்டை, வீட்டில், வீட்டுக்கு, வீட்டிற்கு, வீட்டிலிருந்து, வீடுகளையும், வீட்டுக்காவது என்றுதான் வரும். ‘இல்லம்’ என்று மாற்ற வேண்டுமானால் அது இல்லத்தை, இல்லத்தில், இல்லத்துக்கு என்று வர வேண்டும். ‘இல்லம்ஐ’ என்று ஒட்ட முடியாது. ஆங்கிலத்தில் பன்மைக்கு ஒரு எஸ், கடந்த காலத்துக்கு ஒரு ஈடி என்று ஒட்டிச் சமாளித்துவிடும் இடம் தமிழில் முழு வேலை.

இதில் ஒரு வேடிக்கை. வேண்டிய விதிகள் ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன, அதுவும் நிரலுக்கென்றே எழுதியது போல. நெடில்தொடர், உயிர்த்தொடர்க் குற்றியலுகரங்களில் கடைசி ‘டு’, ‘று’ வேற்றுமையில் இரட்டிக்கும் என்று நன்னூலில் ஒரு நூற்பா வருகிறது. பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்த விஷயம். நிரலில் அது இப்படி ஆகிறது: சொல் ‘டு’ அல்லது ‘று’ என்று முடிகிறதா? அதற்கு முன்னால் இருக்கும் எழுத்து மெய்யா? மெய் என்றால் விட்டுவிடு; வண்டு வண்டை ஆகும், பாட்டு பாட்டை ஆகும். மெய் இல்லை, முன்னால் இருப்பது தனிக் குறில் ஒன்றே ஒன்றா? அப்போதும் விட்டுவிடு; ‘வடு’ வடுவை ஆகும். மற்றபடி இரட்டிக்க வை. வீடு வீட்டை ஆகும், கிணறு கிணற்றை ஆகும், வயிறு வயிற்றை ஆகும். மூன்று கேள்வி, ஒரு விடை. மகர ஈறு ‘த்து’ வாங்கும், இ ஈ ஐ என்று முடிந்தால் நடுவில் யகரம் வரும், மற்ற உயிர்களுக்குப் பெரும்பாலும் வகரம் வரும், தனிக் குறிலை அடுத்த மெய் இரட்டிக்கும் என்று இன்னும் ஏழெட்டு விதி எழுதினால் பெயர்ச்சொற்களில் பெரும்பகுதி அடங்கிவிடும். இதையெல்லாம் எழுதுவதற்கு முன்னால் சொல்லை வ், ஈ, ட், உ என்று மெய்யும் உயிருமாக உடைத்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். யூனிகோடில் ‘ட’ என்றால் அகரம் உள்ளே ஒளிந்திருக்கும் ஒன்று. அதை வைத்துக்கொண்டு ‘இல்’ விகுதியைத் தேடினால் உரையில் ‘இ’ என்ற எழுத்தே இருக்காது, இகரக் குறிதான் இருக்கும். ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் தொகுப்பு தமிழை எழுத்தெழுத்தாகப் பிரித்துக் கொடுக்கும், அதிலிருந்து மெய்யும் உயிருமாக உடைப்பது எளிது.

இங்கே ஒரு முக்கியமான முடிவு எடுக்க வேண்டும். பலரும் முதலில் கைவைப்பது வெட்டும் வழியில்: உரையில் ‘வீட்டில்’ வந்தால் ‘இல்’லை வெட்டு, ‘ட்ட்’ இருந்தால் ஒன்றாக்கு, உகரம் சேர், ‘வீடு’ கிடைத்தது, பட்டியலில் பார், மாற்று, மறுபடி ஒட்டு. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘பாட்டில்’ என்று வந்தால்? அது பாட்டு என்பதோடு இல், அல்லது பாடு என்பதோடு இல், அல்லது தண்ணீர் பாட்டில். ‘கட்டில்’ வந்தால் அது கட்டு என்பதோடு இல்லா, படுக்கும் கட்டிலா? ‘தொட்டில்’? எனக்கு மிகவும் பிடித்தது ‘நெல்லை’. ஐ உருபை வெட்டினால் ‘நெல்’ வரும், நெல்லுக்கு ‘சாலி’ என்று ஒரு பெயர் உண்டு, உடனே நெல்லை மாவட்டம் ‘சாலியை மாவட்டம்’ ஆகிவிடும், நெல்லை எக்ஸ்பிரஸ் ‘சாலியை எக்ஸ்பிரஸ்’ என்று எழும்பூரிலிருந்து கிளம்பும்.

வெட்டுவதை விட வளர்ப்பது நல்லது. பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு சோடிக்கும், இரண்டு பக்கத்திலும் எல்லா வடிவங்களையும் முன்கூட்டியே உண்டாக்கி வைத்துவிடுங்கள்: ஒருமை, பன்மை, ஒவ்வொன்றுக்கும் பத்துப் பன்னிரண்டு வேற்றுமை வடிவம், அவற்றின் மேல் உம், ஏ, தான் போன்ற ஒட்டுகள். ஒரு சொல்லுக்கு ஏறக்குறைய நூறு வடிவம் வரும். 300 சோடி என்றால் 30,000 வரி. கணினிக்கு இது ஒரு பொருட்டே இல்லை. அப்புறம் உரையைப் படிக்கும்போது வெட்டுவதும் இல்லை, ஊகிப்பதும் இல்லை. ‘வீட்டிலிருந்தும்’ என்று வந்தால் அப்படியே பட்டியலில் தேடி ‘இல்லத்திலிருந்தும்’ என்று எடுத்துப் போட வேண்டியதுதான். உண்டாக்கும் திசையில் குழப்பம் குறைவு, ஒரு சொல்லுக்கும் ஒரு வேற்றுமைக்கும் விடை பெரும்பாலும் ஒன்றுதான். இதிலும் ‘பாட்டில்’ மாதிரியான மோதல்கள் இருக்கும், ஆனால் அவை பட்டியலை உண்டாக்கும்போதே தெரிந்துவிடும்: உண்டாக்கிய வடிவம் ஏதாவது இன்னொரு அகராதிச் சொல்லாகவோ ஊர்ப் பெயராகவோ இருந்தால் அதன் மேல் சிவப்புக் கொடி போட்டு ஒதுக்கி வைக்கலாம். பெரிய அளவில் செய்ய வேண்டுமானால், இலங்கையைச் சேர்ந்த ஆய்வாளர்களின் முயற்சியில் வந்த தமிழிமார்ஃப் போன்ற உருபனியல் கருவி (சொல்லை அடியும் விகுதியுமாகப் பிரிப்பது, சேர்ப்பது) இரண்டு திசையிலும் வேலை செய்யும், வினைச்சொற்களையும் கையாளும். சின்ன நிரலுக்கு அது தேவைப்படாது.

ஒற்று மிகுவதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ‘நாற்காலியைத் தூக்கினார்’ என்பதில் கடைசி த் சொல்லின் பகுதி இல்லை, அடுத்த சொல்லின் நிழல். தமிழ்ச் சொல் எதுவும் க், ச், த், ப் என்று முடியாது என்பதால், கடைசியில் இவை இருந்தால் எடுத்துவிட்டுத் தேடலாம். பேஸ்புக், பிளாஸ்டிக், லேப்டாப் போன்ற கடன் சொற்களுக்கு மட்டும் ஒரு விலக்குப் பட்டியல். மாற்றிய பின் மறுபடி ஒட்டுவதில்தான் வம்பு. ‘வேலைக்குப் புகையிரதத்தில் போனார்’ என்ற இலங்கை வாக்கியத்தில் புகையிரதத்தை ரயிலாக மாற்றினால் ‘வேலைக்குப் ரயிலில் போனார்’ என்று நிற்கும். ‘வேலைக்கு’ நம் பட்டியலிலேயே இல்லை, ஆனாலும் அதன் வாலைத் திருத்த வேண்டும். ‘புகையிரதப் பாதை’யோ ‘ரயில்ப் பாதை’ ஆகிவிடும். ஆகவே ஒரு சொல்லை மாற்றினால் அதற்கு முந்தைய சொல்லின் வாலையும் இதன் வாலையும் புதிதாகக் கணக்கிட வேண்டும். நிரலில் இது நாலு வரிதான், ஆனால் இந்த நாலு வரி இல்லாத கருவியின் வெளியீட்டைப் படித்தால் எழுதியது மனிதர் இல்லை என்பது முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும்.

இதுவரை பேசியது எல்லாம் வடிவம். பொருளுக்கு வந்தால் கதை வேறு.

ஒரே பொருள் தரும் சொற்களைத் திரட்டி வைக்கும் வேலையில் தமிழுக்குப் பழைய கை. நிகண்டுகளில் பழையதான திவாகரம் 12 தொகுதிகளாக இருக்கிறது: தெய்வங்களின் பெயர், மக்களின் பெயர், விலங்குகளின் பெயர், மரங்களின் பெயர் என்று முதல் பத்துத் தொகுதிகளும் ஒரு பொருளுக்குப் பல சொல், பதினொன்றாவது ஒரு சொல்லுக்குப் பல பொருள், பன்னிரண்டாவது பல பொருள்களின் கூட்டத்துக்கு வழங்கும் ஒரு பெயர். செய்யுள் எழுதுபவருக்கு எதுகை இடிக்கும்போது, அசை ஒன்று குறையும்போது, அதே பொருளில் வேறு சொல் வேண்டும். அதைக் கொடுப்பது நிகண்டு. அதாவது சொல் மாற்றும் வேலையின் முதல் வாடிக்கையாளர் புலவர்தான். மேற்கில் பீட்டர் மார்க் ரோஜெ தன்னுடைய சொற்களஞ்சியத்தை 1852-இல் வெளியிட்டார், அவரும் சொற்களை அகரவரிசையில் வைக்காமல் கருத்துவாரியாகவே அடுக்கினார். கணினிக்கென்று இதையே செய்தது பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் வேர்ட்நெட். ஜார்ஜ் மில்லர் 1985-இல் தொடங்கியது, இன்று 1,17,000-க்கு மேற்பட்ட பொருள் தொகுப்புகள் அதில் இருக்கின்றன. இந்திய மொழிகளுக்கான இந்தோவேர்ட்நெட்டில் தமிழும் இருக்கிறது.

திவாகரம் அந்தப் பதினொன்றாவது தொகுதியைத் தனியாக வைத்ததில் உள்ள கூர்மையைப் பல நிரலாளர்கள் கவனிப்பதில்லை. மாற்றுச் சொற்களின் பட்டியல் மட்டும் வைத்துக்கொண்டு கிளம்பினால் ‘ஆறு பேர் வந்தார்கள்’ என்பது ‘நதி பேர் வந்தார்கள்’ ஆகும், ‘மாலை ஐந்து மணிக்கு’ என்பது ‘ஆரம் ஐந்து மணிக்கு’ ஆகும். எந்தச் சொல்லுக்குப் பல பொருள் உண்டு என்ற இரண்டாவது பட்டியல் கையில் இருந்தால், குறைந்தபட்சம் அந்த இடத்தில் நிரல் நின்று யோசிக்கும். யோசிப்பதற்கு எளிய வழி ஒன்று உண்டு. 1986-இல் மைக்கேல் லெஸ்க் சொன்னது: சுற்றி இருக்கும் சொற்களைப் பார், அகராதியில் எந்தப் பொருளின் விளக்கத்தோடு அவை அதிகம் பொருந்துகின்றனவோ அதை எடு. பைன் மரத்தின் காயையும் ஐஸ்கிரீம் கோனையும் பிரித்தறிவது அவர் எடுத்துக்கொண்ட உதாரணம், ஆங்கிலத்தில் இரண்டுமே ‘கோன்’தான். நமக்கு, ‘மாலை’க்கு அக்கம்பக்கத்தில் மணி, காலை, நேரம் இருந்தால் பொழுது, பூ, அணிவித்து, சூட்டி இருந்தால் ஆரம், இரண்டும் இல்லையென்றால் கை வைக்காதே.

அகராதி வேண்டாம், பெரிய உரைத் திரட்டிலிருந்து நிரலே கற்றுக்கொள்ளட்டும் என்ற யோசனைக்கு 2013-இல் கூகிளிலிருந்து வந்த, சொற்களை எண் வரிசைகளாக மாற்றும் வேர்ட்டுவெக் பெரிய உற்சாகம் கொடுத்தது. ஒரே மாதிரியான சூழலில் வரும் சொற்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்காரும். ஆனால் ‘வெற்றி’யும் ‘தோல்வி’யும் ஒரே மாதிரியான சூழலில்தானே வருகின்றன? தேர்தல் செய்தி ஒன்றை இந்த வழியில் மாற்றிப் பார்க்கிறவர் பக்கத்தில் நான் நிற்க மாட்டேன்.

பொருள் சரியாகப் பிடிபட்டாலும் சொல் பொருந்த வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ‘சட்டை போட்டார்’ என்பதை ‘சட்டை அணிந்தார்’ என்று மாற்றலாம், ஆகவே போடு என்றால் அணி என்று ஒருவர் பட்டியலில் எழுதிவைத்தார் என்று வையுங்கள். அடுத்த வரியில் ‘காபி அணிந்தார்’, அதற்கடுத்த வரியில் ‘சண்டை அணிந்தார்’. கோலத்துக்கு ‘இட்டார்’ பொருந்தும், காபிக்குப் பொருந்தாது. தமிழில் போடு, எடு, விடு, பிடி, அடி மாதிரியான வினைகள் எல்லாம் பக்கத்து வீட்டுப் பெயர்ச்சொல்லிடம் பொருளைக் கடன் வாங்குகிறவை. அவற்றைத் தனியாகப் பட்டியலில் வைக்கவே கூடாது, ‘சட்டை போடு’ என்று சேர்த்துத்தான் வைக்க வேண்டும். அப்புறம் மரியாதை. இறந்தார், காலமானார், மறைந்தார், செத்தார், மண்டையைப் போட்டார் எல்லாம் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன. தாத்தாவின் நினைவஞ்சலியில் இவற்றில் ஏதோ ஒன்றைக் குலுக்கல் முறையில் எடுத்துப் போடும் நிரலை வீட்டில் யாரும் மன்னிக்க மாட்டார்கள்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் வடிவமைப்பு விதி ஒன்று: பட்டியலைச் சமன் குறியால் எழுதாதீர்கள், அம்புக் குறியால் எழுதுங்கள். நிகண்டுகள் யானைக்கு வேழம், கரி, களிறு, கைம்மா என்று அடுக்கும். ‘களிறு’ வந்த இடத்தில் ‘யானை’ போட்டால் யாருக்கும் நஷ்டம் இல்லை. ‘யானை’ வந்த இடத்தில் ‘களிறு’ போட்டால், ‘முதுமலையில் யானை குட்டி ஈன்றது’ என்ற செய்தியில் ஆண் யானை பிரசவித்துவிடும். குறிப்பான சொல்லிலிருந்து பொதுவான சொல்லுக்குப் போவது பெரும்பாலும் பத்திரம், திரும்பி வருவது ஆபத்து. சமன் குறியால் எழுதினால் இன்னொரு பிழையும் வரும்: ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிக்கொண்டே போகும் லூப்பில், முதல் வரி அ என்பதை ஆ ஆக்கும், ஐந்தாவது வரி அதே ஆ என்பதை மறுபடி அ ஆக்கும், கடைசியில் ஒன்றும் நடக்காதது போல உரை வெளியே வரும். உரையை ஒரே தடவைதான் கடக்க வேண்டும், மாற்றிய சொல்லை மறுபடி தொடக்கூடாது.

இப்படி எல்லாத் திசையிலும் குழி இருக்கும்போது ‘எந்தச் சொல்லையும் ஏதாவது ஒன்றாக மாற்று’ என்ற பொதுவான கருவி யாருக்குத்தான் தேவைப்படுகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் திருடுபவர்களுக்கு. அடுத்தவர் கட்டுரையை எடுத்து, காப்பி பிடிக்கும் மென்பொருள் கண்ணில் படாமல் இருக்க ஒவ்வொரு சொல்லையும் மாற்றும் ‘ஸ்பின்னர்’கள் ஆங்கிலத்தில் ஒரு தனித் தொழில். பிரிட்டனில் கிறிஸ் சாட்லர் என்ற ஆசிரியர் மாணவர் கட்டுரைகளில் இதைக் கண்டு ‘ரோஜெட்டிங்’ என்று பெயர் வைத்தார். ‘லெஃப்ட் பிஹைண்ட்’ என்ற சாதாரணத் தொடர் அங்கே ‘சினிஸ்டர் பட்டக்ஸ்’ ஆகியிருந்தது, பின்தங்கியவர்கள் என்று வர வேண்டிய இடத்தில் கெட்ட எண்ணம் கொண்ட பிட்டம். 2021-இல் கியோம் கபனாக், சிரில் லபே, அலெக்சாண்டர் மகசினோவ் மூவரும் ஆய்விதழ்களிலேயே இந்தச் சரக்கு நிறைந்திருப்பதைக் காட்டினார்கள். ‘ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்’ என்பது ‘கவுண்டர்ஃபீட் கான்ஷியஸ்னஸ்’ என்றும், ‘பிக் டேட்டா’ என்பது ‘கொலாசல் இன்ஃபர்மேஷன்’ என்றும் அச்சாகியிருந்தது. கள்ளநோட்டில் வரும் அதே ‘கவுண்டர்ஃபீட்’தான். கலைச்சொல் என்பது இரண்டு சொல் சேர்ந்த ஒரே பெயர், அதைப் பிரித்துத் தனித்தனியாக மாற்றினால் இதுதான் கதி; தமிழில் ‘செயற்கை நுண்ணறிவு’ கள்ள உணர்வு ஆவதற்கும் ஒரு மட்டமான பட்டியல் போதும். நியாயமான பயன் ஒன்றும் உண்டு: இயந்திரக் கற்றலில் பயிற்சி வாக்கியங்கள் போதாதபோது, ஓரிரு சொற்களை மாற்றி வாக்கியங்களைப் பெருக்கிக்கொள்வது. 2019-இல் ஜேசன் வெய், காய் ஜோ இருவரும் முன்வைத்த ஈடிஏ முறையில் இது நான்கு உத்திகளில் ஒன்று. அங்கே வாக்கியம் கொஞ்சம் கோணலானாலும் படிக்கப்போவது மனிதர் இல்லை.

நானாக இருந்தால் குறுகிய நோக்கம் உள்ள நிரலைத்தான் எழுதுவேன். உதாரணத்துக்கு, இலங்கையில் எழுதிய ஓர் அறிவிப்பைத் தமிழ்நாட்டு வாசகர் தடுமாறாமல் படிக்கும்படி மாற்றுவது. திகதி என்றால் தேதி, வைத்தியசாலை என்றால் மருத்துவமனை, சவர்க்காரம் என்றால் சோப்பு, புகையிரதம் என்றால் ரயில், பொலிஸ் என்றால் போலீஸ், பாவனை என்றால் பயன்பாடு. அம்பு ஒரே திசையில். ஒன்றுக்கு ஒன்று. தேர்வு இல்லை, குலுக்கல் இல்லை. பட்டியலுக்கு எங்கே போவது என்ற கேள்வியும் இல்லை: க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இலங்கை வழக்குகளை அடையாளமிட்டே காட்டுகிறது, எவற்றையெல்லாம் யோசிக்க வேண்டும் என்று அது நினைவூட்டும், சோடிகளை நாம் எழுதிக்கொள்ளலாம். இதில் இனிய தற்செயல் ஒன்று: திகதியும் தேதியும் இகரத்தில் முடிகின்றன, வைத்தியசாலையும் மருத்துவமனையும் ஐகாரத்தில் முடிகின்றன, ஆகவே இவற்றுக்கு வேற்றுமை விதி எதுவும் தேவைப்படாது, அடியை மட்டும் மாற்றினால் வால் தானே பொருந்தும். சவர்க்காரத்தை சோப்பை ஆக்குவதற்குத்தான் நன்னூலைத் தேட வேண்டியிருக்கும்.

இந்த நல்ல பிள்ளைப் பட்டியலிலும் மூன்று நான்கு போக்கிரிகள் உண்டு. ‘கதிரை’ என்றால் நாற்காலி. ஆனால் வயலில் ‘கதிரை அறுத்தார்கள்’ என்றால் அது கதிர் என்பதோடு ஐ. மாற்றினால் நாற்காலியை அறுத்துவிடுவார்கள். கதிரையை, கதிரையில், கதிரைக்கு, கதிரைகள் எல்லாம் பத்திரம். மொட்டையாக ‘கதிரை’ என்று வரும் ஒரே ஒரு வடிவத்தை மட்டும் நிரல் மனிதரிடம் கேட்க வேண்டும். வளர்க்கும் வழியின் லாபம் இங்கே தெரியும், நூறு வடிவங்களில் ஒன்றை மட்டும் தனியாக ஒதுக்க முடிகிறது. ‘கதைத்தார்’ என்றால் பேசினார். ‘கதைக்க’ என்றால் பேச. ஆனால் ‘கதைக்கு’ என்றால் கதை என்ற பெயரின் நான்காம் வேற்றுமை. ஒரு உகரம்தான் வித்தியாசம். இங்கே அடியை மாற்றும் குறுக்கு வழி உதவாது, ‘கதை’யின் வினை வடிவங்களைக் கையால் எழுதிப் பட்டியலில் சேர்ப்பதுதான் நேர்வழி. ‘உறுதி’ என்பது காணி உறுதியில் நிலப் பத்திரம், ‘உறுதி செய்தார்’ என்பதில் இல்லை. ஆகவே ‘காணி உறுதி’ என்ற இரட்டைச் சொல்லாக மட்டும் உள்ளே வரட்டும், நீளமான தொடரை முதலில் தேடு என்று நிரலுக்குச் சொல்லிவிட்டால் போதும். ‘வடிவு’ என்றால் அழகு, ‘வடிவான’ என்றால் அழகான. ‘கடித வடிவில்’ என்று வந்தால் எல்லாம் கெட்டது.

இவ்வளவுக்குப் பதில் இன்றைய செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரி (லாங்வேஜ் மாடல்) ஒன்றிடம் கொடுத்து மாற்றச் சொன்னால் போதாதா என்று கேட்கலாம். ஒரு பக்கம் என்றால் போதும். சூழலைப் பார்த்துப் பொருள் பிரிப்பதில் அது லெஸ்க்கை விட எங்கேயோ இருக்கிறது. ஆயிரக்கணக்கான பக்கம் என்றால், ஒரே சொல்லை முதல் பக்கத்தில் ஒரு மாதிரியும் நானூறாவது பக்கத்தில் வேறு மாதிரியும் அது மாற்றலாம், கேட்காத வாக்கியங்களையும் மெருகேற்றி வைக்கலாம், எதை மாற்றியது என்ற கணக்கும் தராது. பட்டியல் நிரல் முட்டாள்தான், ஆனால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி முட்டாள். சிவப்புக் கொடி விழுந்த இடங்களை மட்டும் மாதிரியிடம் கேட்டு, மற்றதைப் பட்டியலிடம் விட்டுவிடுவது எனக்கு நியாயமாகப் படுகிறது.

நிரல் ஓடி முடித்ததும் மாறிய உரையை மட்டும் கொடுத்தால் பத்தாது, ஒரு கணக்கும் எழுத வேண்டும்: எந்தச் சொல், எந்த வடிவம், என்னவாக மாறியது, முன்னும் பின்னும் நாலைந்து சொற்கள். அதைப் பக்க வரிசையில் அடுக்காமல் சொல் வரிசையில் அடுக்குங்கள், அப்போது ‘பாவனை’ மாறிய இடங்கள் எல்லாம் ஒரே இடத்தில் வரிசையாக நிற்கும், கண் மேலிருந்து கீழே ஒரு ஓட்டம் ஓடினால் தப்பானது உடனே உறுத்தும். ‘முகத்தில் ஒரு பாவனை’ என்பது ‘முகத்தில் ஒரு பயன்பாடு’ ஆகியிருப்பதை இப்படித்தான் பிடிக்க முடியும், பக்கம் பக்கமாகப் படித்தால் தூங்கிவிடுவோம். மூல உரையையும் மாறிய உரையையும் ஒப்பிட்டு, கணக்கில் இல்லாத வித்தியாசம் ஏதாவது வந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஒற்றுத் திருத்தத்தைத் தவிர வேறு எதுவும் வந்திருக்கக் கூடாது. ஒரு சொல் சரியாக மாறிய இடங்களை விடத் தப்பாக மாறிய இடங்கள் அதிகம் என்று தெரிந்தால், அதற்கு விதி எழுதி மல்லுக்கட்டாமல் பட்டியலிலிருந்து தூக்கிவிடுவது மேல். முதலில் வெளியே போவது பெரும்பாலும் ‘வடிவு’தான்.